பெரம்பலூருக்கு ஓடவைத்த பீட்ரூட் சூப்

உக்ரைனில் டாக்டருக்குப் படித்துத் திரும்பிய என் மகள், வேப்பந்தட்டையில் எங்கள் வீட்டில் 'போர்ஷ்' வைத்தாள். பீட்ரூட்டும் முட்டைக்கோஸும் போட்ட அந்த ஊர் சூப் அது. மக்காச்சோளத்துக்கு மருந்து அடித்துவிட்டு வந்த என் கணவர், மூன்று கிண்ணம் குடித்தார்.

காலையில் முகம் வெளிறி வந்தார். "ஒண்ணுக்கு செவப்பா போவுதுடி. பூச்சிமருந்து உள்ள போயிருச்சு போல. புள்ளகிட்ட சொல்லிடாத, கூச்சமா இருக்கு."

அவளுக்குத் தெரியாமல் பைக்கில் பெரம்பலூருக்குப் பறந்தோம். டாக்டர் பரிசோதித்துவிட்டு, "நேத்து பீட்ரூட் சாப்பிட்டீங்களா?" என்று சிரித்தார். எல்லாம் பீட்ரூட் சாயம்தான்!

"கேட்டிருந்தா அடுப்படியிலயே சொல்லியிருப்பேனேப்பா" என்றாள், வீடு திரும்பி நாங்கள் சொன்னதைக் கேட்ட மகள்.

இந்தப் பக்கம் எந்தக் கடையிலும் போர்ஷ் கிடைக்காது. எங்கள் வீட்டுக்கு வாருங்கள், தைரியமாகக் குடிக்கலாம். இப்போதெல்லாம் உடம்புக்கு எது வந்தாலும் நாங்கள் முதலில் கேட்பது, சூப் வைத்த டாக்டரைத்தான்.

- ஒரு வாசகி, வேப்பந்தட்டை