ராமாத்தாக்கா எருமையும் ஃப்ரீஸ் தேதியும்

மாட்டுப் பொங்கலன்னைக்குக் காலையில பத்து மணிக்கு, எருத்தேன்பதியில ராமாத்தாக்கா ஊட்டு வாசல்ல லேப்டாப்பைக் கட்டிப்பிடிச்சுட்டு நின்னு, அரை டம்ளர் எருமைப் பாலுக்குக் கெஞ்சிட்டு இருந்தேன். முப்பது வருஷமா கம்ப்யூட்டர் வேலை பாக்கறேன். ஒரு சாஃப்ட்வேர் ரிலீஸுக்கு இப்படி ஒரு நெலமை எனக்கு அதுக்கு முன்னாடியும் வந்ததில்லை, அதுக்கப்புறமும் வந்ததில்லை. நெனைச்சா இன்னைக்கும் தனியா இருந்து சிரிச்சுக்குவேன்.

புதுசா இந்த வேலைக்கு வர்றவங்க அடிக்கடி கேக்கறாங்க, ஓப்பன் சோர்ஸ்ல ரிலீஸ் பண்றது அவ்வளவு கஷ்டமா மேடம்னு. கஷ்டமெல்லாம் ஒண்ணுமில்லை. ஒரு எருமை ஒத்துக்கோணும், அவ்வளவுதான். முழுசாச் சொல்றேன்.

1. செவப்பு லைட்டு

எல்லையோரத்துல இருக்கற எங்க ஊருப் பால் சொசைட்டியில போர்டு மலையாளத்துல இருக்கும், பேச்சு பூராவும் தமிழ்ல இருக்கும். கொண்டுவர்ற பாலுல துளி எடுத்து ஒரு மெசின்ல வெப்பாங்க. கொழுப்பு எவ்வளவு, தண்ணி கலந்திருக்கான்னு அது கண்டுபிடிச்சு, பக்கத்துல இருக்கிற கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அது அனுப்பறதைப் படிச்சுப் புரிஞ்சுக்கிட்டு, பால் சரின்னா மெசின்ல பச்சை லைட்டும் இல்லேன்னா செவப்பு லைட்டும் எரிய வெக்கற லைப்ரரி, அதாவது ப்ரோகிராம் துண்டு, நான் எழுதினது. பேரு 'கறவை'. யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம், இலவசம். சுத்துப்பட்டு சொசைட்டி நெறைய இடத்துல அதுதான் ஓடுது. அதுல எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மார்கழியில புது மெசின் வந்துச்சு. வந்த வாரத்துலயே ராமாத்தாக்கா பாலை வெச்சதும் செவப்பு லைட்டு எரிஞ்சு, கீங்கீங்னு கத்துச்சு. கொழுப்பு 0.4. தண்ணி கலந்த பால்.

செக்ரட்டரி பொன்னுசாமி அண்ணன் எல்லார்த்து அளவையும் சத்தமாப் படிச்சுச் சொல்லுவாரு. அது அங்கத்த வழக்கம். இதையும் அதே மாதிரி சொல்லிப்போட்டாரு. வரிசையில நின்னவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க.

"என்ற எருமை தண்ணி குடிக்கும், தண்ணி கறக்காதுங்க"ன்னு ராமாத்தாக்கா சொன்னாங்க.

பழைய கண்ணாடிக் குழாயில போட்டுப் பாத்தா பத்துக்கு மேல இருந்துச்சு. பொன்னுசாமி அண்ணனுக்கே கூச்சமாப் போச்சு. ஆனா மறுநாளும் மெசின் கத்துச்சு. அதுக்கு மறுநாளும். குழாயில பாத்து சரின்னு எழுதிக்குவாங்க, ஆனா கத்தறது கத்தறதுதான். வரிசையில நின்ன ஒரு மகராசன், "ராமாத்தாக்கா, கெணத்துல தண்ணி எச்சா ஊறுதா?"ன்னு ஒரு நாள் கேட்டே போட்டான். அதுக்கப்புறம் அந்தக்கா வரிசை எல்லாம் தீர்ந்தபொறவு கடைசி ஆளாத்தான் வந்தாங்க.

விஷயம் இதுதான். கொழுப்பு பத்துக்குக் கீழ இருந்தா மெசின் மூணு எழுத்து அனுப்பும், 7.2ங்கற மாதிரி. பத்தைத் தாண்டினா நாலு எழுத்து, 10.4. நான் மூணு எழுத்துக்குத்தான் எடம் விட்டிருந்தேன். முன்னாடி இருக்கிற ஒண்ணை முழுங்கிட்டு, மிச்சத்தை 0.4ன்னு என்ற லைப்ரரி படிச்சுது. பசும்பாலு பத்துக்குப் பக்கத்துலகூடப் போகாது. எருமைக்குக் கறவை வத்தப் போற சமயத்துல பால் கெட்டியாகி எப்பவாவது தாண்டும். அந்தச் சமயத்துல எனக்கு வந்த புகார் ஒண்ணே ஒண்ணு. ஒரே ஒரு எருமை. அதனால பக் லிஸ்ட்டுல, அதான் தப்புப் பட்டியல்ல, 'சின்னது, அப்புறம் பாத்துக்கலாம்'னு குறிச்சு வெச்சுட்டு, நான் ஜம்முனு வெர்ஷன் ரெண்டு எழுதிட்டு இருந்தேன்.

2. சேவியர் போன்

சேவியர் இடுக்கிப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில கம்ப்யூட்டர் பாத்துக்கற பையன். பையன்னா நாப்பது வயசு. எங்க சொசைட்டி கம்ப்யூட்டர்ல ஓடற லினக்ஸ் டிஸ்ட்ரோவுக்கு (கம்ப்யூட்டரை ஓட்டற மொத்த சாஃப்ட்வேர் மூட்டைன்னு வெச்சுக்கங்க), என்ற லைப்ரரியைப் பேக்கேஜ் பண்ணிக் குடுக்கறது அவருதான். சம்பளம் கிடையாது, பிரியத்துக்குச் செய்யறது. நான் எழுதறது ஊருக்குள்ள வரோணும்னா அவர் கை வழியாத்தான் வரோணும். ஏன்னா டிஸ்ட்ரோவுல இல்லாத எதையும் சொசைட்டி கம்ப்யூட்டர்ல போடக் கூடாதுன்னு மேல இருந்து உத்தரவு.

பொங்கலுக்கு நாலு நாள் முன்னாடி கூப்பிட்டாரு.

"அக்கா, ஃப்ரீஸ் வருதுல்லா. ஞாபகம் இருக்கா?"

ஃப்ரீஸ்னா டிஸ்ட்ரோக்காரங்க கதவைச் சாத்தற நாள். அதுக்குள்ள உள்ள போனதுதான் அடுத்த ரிலீஸ்ல வரும். விட்டா, அதுக்கடுத்த ரிலீஸ் வர ரெண்டு வருஷம் ஆகும்.

"வெர்ஷன் ரெண்டு ரெடி சேவியர்! பாத்தா அசந்துருவீங்க!"ன்னு குதிச்சேன்.

அவர் அங்கயே நான் எழுதினதைத் தொறந்து பாத்தாரு. கீபோர்டு தட்டற சத்தம் கேட்டுச்சு.

"என்னக்கா, ஃபங்ஷன் பேரையெல்லாம் மாத்தி வச்சிருக்கீக?"

"பழைய பேரு நல்லாவே இல்லீங்க."

"நல்லா இல்லேன்னா இருந்துட்டுப் போகட்டுமே! பேரை மாத்துனா இதை நம்பி இருக்க எல்லா ப்ரோகிராமையும் திருப்பிக் கம்பைல் பண்ணணும்லா? அதுக்கான தேதி முடிஞ்சு ரெண்டு வாரம் ஆச்சு. இது உள்ள போகவே போகாது. சொல்லுதேன்னு கோவிச்சுக்காதீக, கல்யாணத்துக்குப் போக பவுடர் பூசிக்கிட்டு பஸ்ஸை விட்டுட்டீக."

எனக்கு மூஞ்சி செத்துப்போச்சு. அப்புறம் அவரே கேட்டாரு, "இந்த லிஸ்ட்டுல எருமைன்னு ஒரு பக் கெடக்கே, இது என்ன?"

சொன்னேன். வரிசையில நிக்கறது, கத்தறது, கெணறு, கடைசி ஆளா வர்றது, எல்லாமே சொன்னேன்.

"ஏங்கா, ரெண்டு வருஷம் அந்தம்மா தெனமும் இதைக் கேக்கணுமா?"

சுருக்குனு இருந்துச்சு. ஆறு மாசமா நான் பவுடர் பூசிட்டு இருந்தது அப்பத்தான் ஒறைச்சுது.

சேவியர் வழி சொன்னாரு. வெர்ஷன் ரெண்டை ஓரமா வைங்க. பழசுலயே இந்த ஒரு பக்கை மட்டும் திருத்தி, சின்னதா ஒரு ரிலீஸ் குடுங்க. ஆனா வெறும் யூகத்துல எழுதுனது வேணாம், பத்தைத் தாண்டின நெசமான பாலுல மெசின் என்ன அனுப்புதுன்னு அப்படியே பதிஞ்ச லாக் வேணும். மாட்டுப் பொங்கலன்னைக்கு சாயங்காலம் ஆறு மணிக்குள்ள வந்தா ஏத்திருதேன். அதுக்கு மேல போனா, டிஸ்ட்ரோக்காரங்க அதைச் சோதிச்சு முடிக்கறதுக்குள்ள கதவு மூடிரும்.

"தினமும் காலையிலயும் சாயங்காலமும் மெசினைச் சுத்திக் கூட்டமா இருக்குமே, எப்ப டெஸ்ட் பண்ணுவீக?"

நான் காலண்டரைப் பாத்தேன். பாத்துட்டுப் பெருமையாச் சொன்னேன், "மாட்டுப் பொங்கலன்னைக்கு மெசின் பூரா நாளும் சும்மா இருக்கும். அன்னைக்கே வெச்சுக்கலாம்!"

மெசின் ஏன் சும்மா இருக்கும்னு ஒரு நிமிஷம் யோசிக்கல பாருங்க, அதுதான் என்ற மூளை.

3. பாலில்லாத நாள்

எங்க பக்கம் மாட்டுப் பொங்கலன்னைக்குக் கறக்கற பாலை யாரும் விக்க மாட்டாங்க. கன்னுக்குட்டி குடிச்சது போக மிச்சம் கோயிலுக்கு. சொசைட்டிக்கு ஒரு சொட்டு வராது. பொறந்ததுல இருந்து பாத்த வழக்கம். அன்னைக்கு மெசினுக்கு முன்னாடி லேப்டாப்பைத் தொறந்து வெச்சுட்டு உக்காந்தபோதுதான் எனக்கு ஞாபகம் வந்துச்சு.

"ஏனுங்க அம்மிணி, மெசின் இருக்குது, நீங்க இருக்கறீங்க. பாலுக்கு என்ன பண்ணப் போறீங்க?"ன்னு பொன்னுசாமி அண்ணன் சாவிக்கொத்தை ஆட்டிட்டே கேட்டாரு.

சேவியருக்குப் போன் போட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரிச்சாரு. "பாக்கெட் பால்ல வெண்ணெயைக் கலக்கி வைங்களேன்க்கா!"

"மெசின் குழாயில வெண்ணெய் அடைச்சுதுன்னா பொன்னுசாமி அண்ணன் என்னை உள்ள வெச்சு அடைச்சுருவாரு!"

வேற வழியில்லாமத்தான் ராமாத்தாக்கா ஊட்டுக்கு ஓடுனேன். எருமை கொம்புக்குச் சாயம் பூசி, கழுத்துல மாலையோட மகாராணி மாதிரி நின்னுட்டு இருந்துச்சு. என்னை ஒரு பார்வை பாத்துச்சு பாருங்க.

"சொசைட்டிக்கா? இன்னைக்கா? உங்களுக்குத் தெரியாதுங்களா அம்மிணி?"ன்னு ராமாத்தாக்கா கேட்டாங்க.

"விக்க வேண்டாங்க்கா. துளி அளந்து பாக்கோணும், அவ்வளவுதான்."

"சாமிக்குன்னு கறந்த பாலை அந்தக் கட்டடத்துக்குக் கொண்டுபோக மாட்டனுங்க. அதுவும் அந்தக் கத்தற மெசினுக்கு முன்னாடி."

நியாயம்தானே? நான் தலையைத் தொங்கப்போட்டுட்டுத் திரும்பினேன். பத்தடி போயிருப்பேன், பின்னாடி இருந்து குரல் வந்துச்சு.

"பால் அங்க வராது. மெசின் கோயிலுக்கு வருமான்னு கேளுங்க."

அய்யோ, அந்தக்கா காலுல விழாத கொறைதான்!

4. கோயில் வாசல்

சொசைட்டிச் சொத்து வெளிய போகோணும்னா தலைவர் கையெழுத்து வேணும்னு பொன்னுசாமி அண்ணன் மொதல்ல மல்லுக்கட்டினாரு. ராமாத்தாக்கா பாலுக்குத்தான்னு சொன்னதும் மாறிட்டாரு. தலைவருக்கு அவரே போன் போட்டாரு. மெசினையும் அவரே தூக்கிட்டு வந்தாரு. "நான் தூக்குனா அது சொசைட்டியில இருக்கற மாதிரிதான்"ன்னு ஒரு வெளக்கம் வேற.

மைக் செட்டுக்காரன்கிட்ட கரண்டு வாங்கினோம். கோயில் வாசல்ல, பொங்கப்பானைப் புகையில, ஒரு பெஞ்சு மேல பால் மெசின், பக்கத்துல நான் திருத்தி எழுதினது ஓடற லேப்டாப்பு. ஊரே கூடிருச்சு. ராமாத்தாக்கா சொம்போட வந்து, துளி ஊத்திக் குடுத்துட்டு, முந்தானையை இழுத்துச் சொருகிட்டு நின்னாங்க.

பட்டனை அழுத்தினேன்.

செவப்பு லைட்டு. கீங்கீங்கீங்.

கூட்டத்துல யாரோ க்ளுக்குனு சிரிச்சாங்க. ராமாத்தாக்கா சொம்பையே பாத்துட்டு இருந்தாங்க. எனக்குப் பூமி பொளந்து உள்ள போயிரலாம்னு இருந்துச்சு.

லாக்கைப் பாத்தேன். கொழுப்பு 10.4ன்னு சரியாத்தான் படிச்சிருக்குது! ஆனா அந்த நாலாவது எழுத்து வந்ததுல பின்னாடி இருக்கறதெல்லாம் ஒரு எடம் தள்ளிப் போயிருக்கு. நான் தள்ளாதுன்னு நெனைச்சு எழுதியிருந்தேன். அதனால தண்ணிக் கணக்கு இருக்கற எடத்துல வேற என்னத்தையோ படிச்சுட்டு கத்துது. சேவியர் லாக் வேணும்னு அடம்பிடிச்சது இதுக்குத்தான்!

"ஒரே நிமிஷங்க்கா, ஒரே நிமிஷம், யாரும் போயிராதீங்க!"ன்னு கத்திட்டே ஒரு வரியை மாத்தினேன். மூணு தடவை தப்பா அடிச்சேன். கம்பைல் ஆகற வரைக்கும் ஊரே மூச்சுப் பிடிச்சுட்டு என்ற ஸ்கிரீனைப் பாத்துச்சு. எந்த ரிலீஸுக்கும் எனக்கு இத்தனை ஆடியன்ஸ் கிடைச்சதில்லை.

மறுபடியும் துளி. மறுபடியும் பட்டன்.

பச்சை.

நான் குதிச்ச குதியில பெஞ்சு ஆடிப்போச்சு. பொன்னுசாமி அண்ணன் மெசினைக் கட்டிப்பிடிச்சுக் காப்பாத்தினாரு. ராமாத்தாக்கா மட்டும் அசையல.

"ஏனுங்க செக்ரட்டரி, தினமும் சத்தமாச் சொன்னீங்கல்லங்க. இதையும் சொல்லுங்க."

பொன்னுசாமி அண்ணன் மெசினைக் கீழ வெச்சாரு. அப்புறம் போயி மைக்கை வாங்கினாரு.

"ராமாத்தாள். எருமைப் பால். கொழுப்பு பத்துப் புள்ளி நாலு. தண்ணி இல்லை." கூட்டத்தைப் பாத்து, "எப்பவும் இருந்ததில்லை"ன்னாரு.

ராமாத்தாக்கா சொம்பை எடுத்துட்டு உள்ள போயி சாமிக்கு ஊத்தினாங்க. அதுக்கப்புறம் நடந்த கூத்தைக் கேக்காதீங்க. ஊர்ல இருக்கிற மாட்டுப் பால் அத்தனையும் வரிசையில வந்துருச்சு, எல்லாத்தையும் மைக்குல சொல்லோணுமாமா. பொன்னுசாமி அண்ணனுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. எனக்கு லாக் மேல லாக். சேவியர் கேட்டது ஒண்ணு, போனது நாப்பதுக்கு மேல.

சாயங்காலம் அஞ்சு மணிக்கு ரிலீஸ் டேக் போட்டு அனுப்பினேன். அஞ்சே முக்காலுக்கு சேவியர் மெசேஜ் போட்டாரு: "ஏத்திட்டேன்க்கா. எருமைக்கு என் சார்பா ஒரு முத்தம்." குடுக்கலாம்னு போனேன். கொம்பை ஆட்டுச்சு. வந்துட்டேன்.

5. திட்டு

அன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள ராமாத்தாக்காகிட்ட உண்மையைச் சொல்லிரோணும்னு தோணுச்சு. "மெசின் மேல தப்பில்லைங்க்கா. அது சரியாத்தான் அனுப்புச்சு. அதைப் படிக்கறது நான் எழுதினது. தப்பு என்ற மேல. தெரிஞ்சும் சின்ன விஷயம்னு தள்ளி வெச்சிருந்தேன்."

அந்தக்கா என்னை மேலயும் கீழயும் பாத்தாங்க.

"அப்ப இத்தனை நாளா அந்த மெசினைத் திட்டினதெல்லாம் வீணுங்களா? உங்களைத்தானுங்க திட்டியிருக்கோணும்!"

"ஆமாங்க்கா."

"சரி, இனிமே உங்களைத் திட்டிக்கறேன். நம்பரைக் குடுங்க."

சிரிச்சுட்டேதான் கேட்டாங்க, ஆனா நம்பரை வாங்காம விடல. அதுல இருந்து நான் கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணு, உங்களுக்கும் அதைத்தான் சொல்லுவேன். ஒரு பக் எத்தனை பேருக்குன்னு எண்ணிப் பாக்கறதுக்கு முன்னாடி, அது யாருக்குன்னு போயிப் பாத்துட்டு வாங்க. அப்புறம், திட்டோணும்னு நெனைக்கறவங்களுக்கு உங்க விலாசம் தெரிஞ்சிருக்கோணும். அடுத்த ரிலீஸ்லயே, செவப்பு லைட்டு எரிஞ்சா ஸ்கிரீன்ல என்ற போன் நம்பர் வர்ற மாதிரி எழுதிப்போட்டேன். சேவியர், "பைத்தியமாக்கா உங்களுக்கு?"ன்னு கேட்டாரு. கேட்டுட்டு, டிஸ்ட்ரோவோட அடுத்த சுத்துக்கு ஏத்தியும் விட்டாரு.

பொங்கல் கழிஞ்சு எருமை வத்திருச்சு. சில மாசம் கழிச்சு டிஸ்ட்ரோ வெளிய வந்து, சொசைட்டி கம்ப்யூட்டர்ல ஏறுச்சு. எருமை கன்னு போட்டு, பாலு திரும்பக் கெட்டியாகப் பல மாசம் ஆச்சு. ஒரு நாள் காலையில ஏழு மணிக்குப் போன். ராமாத்தாக்கா. திட்டுதான்னு நெனைச்சுட்டே எடுத்தேன்.

"அம்மிணி, இன்னைக்குப் பத்துப் புள்ளி ஒண்ணு. பச்சை லைட்டுங்க."

"அப்ப எதுக்குங்க்கா கூப்பிட்டீங்க?"

"வரிசையில மொத ஆளா நிக்கறனுங்க. அதைச் சொல்லலாம்னு."