பின்னால் வந்த மிஷினும் பக்கத்தில் வந்த ஸ்கூட்டியும்

போன வருஷம் ஐப்பசி மழையில், திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகும் சாலையில் நடந்தது இது. நானும் என் கணவரும் திண்டிவனத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறோம். பற்றவைப்பது அவர் வேலை. வண்டி ஓட்டுவதும் ஆர்டர் பிடிப்பதும் என் வேலை. அந்த வாரம்தான் டீசல் இன்ஜினில் ஓடும் வெல்டிங் மிஷின் ஒன்று வாங்கியிருந்தோம். அதற்குக் கரண்டே தேவையில்லை. இரண்டு சக்கரம் வைத்தது. பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகலாம். எருமை மாட்டைவிடக் கனம். எங்கள் தெருவே வந்து, புதுப்பெண்ணைப் பார்ப்பது போல அதைப் பார்த்துவிட்டுப் போனது.

புயல் அடித்து ஓய்ந்த மறுநாள் காலை, வல்லம் பக்கத்து கிராமத்திலிருந்து ஒரு விவசாயி போன் செய்தார். ஏரி மதகின் இரும்புப் பலகை ஏறி இறங்கும் சட்டம் ஒரு பக்கம் பிய்ந்து, பலகை பாதியில் சாய்ந்து சிக்கிக்கொண்டதாம்.

"ஏரித் தண்ணி மொத்தமும் போய்க்கினு இருக்குதும்மா. கீழ நட்ட பயிரெல்லாம் முழுகுது. கரண்டு கம்பம் வேற சாஞ்சி கெடக்குது. ஜல்தியா வாங்கம்மா!"

புது மிஷினுக்கு முதல் வேலை! எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கணவர் மிஷினை வண்டியோடு ஒரு இரும்புப் பின் செருகி இணைத்து, அந்தப் பின் மேலே எழும்பாமல் இருக்க கிளிப் மாட்டினார். கூடவே ஒரு இரும்புச் சங்கிலியையும் கோத்துவிட்டார். கிளம்பிவிட்டோம்.

சாலை முழுக்கப் பள்ளம். நான் பாட்டுப் போட்டுக்கொண்டு உற்சாகமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு ஸ்கூட்டி விடாமல் ஹாரன் அடித்தது. வழி கேட்கிறது என்று ஒதுங்கினேன். ஆனால் அது முந்திப் போகவில்லை. என் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே வந்தது. ஊதா நிற மழைக்கோட்டு, ஹெல்மெட், உள்ளே ஒரு பெண். ஏதோ கத்துகிறார். சேற்றுத் தண்ணியை அவர் மேல் அடித்துவிட்டேன் போல, சண்டைக்கு வருகிறார் என்றுதான் நினைத்தேன். நிறுத்திப் பேசிவிடலாம் என்று கால் பிரேக்குக்குப் போனது.

அவர் வேண்டாம் என்று வேகமாகத் தலையை ஆட்டினார். உள்ளங்கையைத் தரைப் பக்கம் காட்டி, மெதுவா மெதுவா என்று அசைத்தார். நான் பாட்டை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினேன்.

"பிரேக்கு அடிக்காதீங்கக்கா! மிஷினு கழண்டுக்கினு வருது! அப்டியே மெதுவா போங்க!"

கணவர் அந்தப் பக்க ஜன்னலில் தலையை நீட்டிப் பின்னால் பார்த்தார். முகமே மாறிவிட்டது.

"கிளிப்பு உழுந்துட்ச்சி. பின்னு பாதி மேல வந்துட்ச்சி. பிரேக்குல காலே வைக்காத. கியர மட்டும் கொற."

எதிரே ஒரு வளைவு. அதைத் தாண்டி பஸ் ஸ்டாப். குடை பிடித்தபடி ஒரு கூட்டம். மூன்றாவது கியர், இரண்டாவது கியர். ஸ்டியரிங்கில் என் கை வழுக்கியது. கண்ணாடியில் பார்த்தால் மிஷின் இப்படியும் அப்படியும் ஆடுகிறது. அதற்கும் பின்னால் அந்த ஸ்கூட்டிக்காரர், ஒரு கையை அகல நீட்டி, வந்த டிப்பர் லாரியை நெருங்கவிடாமல் தடுத்துக்கொண்டு வருகிறார்! சாலையை விட்டு மண்ணில் இறக்கினேன். படார் என்று ஒரு சத்தம். அந்த இரும்புப் பின் தெறித்தது. சங்கிலி விறைத்தது. மிஷின் எங்கள் பம்பரை ஒரு இடி இடித்து, மூக்கை மண்ணில் குத்தி நின்றது. பஸ் ஸ்டாப் கூப்பிடு தூரத்தில்.

நான் இன்ஜினை அணைத்தேன். அப்புறம் கணவர் மெல்லக் கேட்டார்: "உசுரோட தான இருக்குறோம்?" எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் ஓடிவந்து மிஷினைத் தூக்கிப் பிடித்தார்கள். பின்னுக்குப் பதிலாகத் தடித்த போல்ட் ஒன்றைப் போட்டு, நட்டை ஸ்பேனரால் இறுக்கினார் கணவர். அதுவரைக்கும் அந்தப் பெண் சாலையில் நின்று துப்பட்டாவை வீசி வண்டிகளை ஒதுக்கிவிட்டுக்கொண்டே இருந்தார். நான் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எவ்ளோ தூரமா ஹாரன் அடிச்சிக்கினே வர்றேன் தெரிமாக்கா? நீங்க பாட்டுக்குப் பாட்டுக் கேட்டுக்கினு போறீங்க!" என்று சிரித்தார். "வேலைக்கு நேரமாயிட்ச்சிக்கா, வர்றேன். நடு நடுவுல எறங்கிப் பாத்துக்கினு போங்க." ஸ்கூட்டி கிளம்பிவிட்டது. அந்தப் பதற்றத்தில் பேரைக்கூடக் கேட்கவில்லை.

அவர் சொன்னபடியே இறங்கி இறங்கிப் பார்த்துக்கொண்டு ஏரிக்குப் போய்ச் சேர்ந்தோம். தூறல் விடவில்லை. மிஷின் நனையாமல் இருக்கட்டும் என்று மதகுப் பக்கத்து மோட்டார் கொட்டகைக்குள் தள்ளச் சொன்னார்கள். கணவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

"பொகை உள்ளயே தங்கி ஆளையே சாய்ச்சிடும்ங்க. வெளியிலதான் நிக்கணும்."

"மழைல நிக்கவச்சா எப்புட்றா வேல செய்வ? தண்ணி போய்க்கினே இருக்குதே!" என்று பெரியவர் ஒருவர் பேஜாராகிக் கத்தினார்.

"பத்து நிமிஷம் பொறுங்க" என்றேன் நான். கரை மேல் சமமான இடம் பார்த்து நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, நாலு பக்கமும் காற்றாட மேலே மட்டும் தகரம் கட்டினோம். மணல் மூட்டை அடுக்கி ஊர்க்காரர்கள் தண்ணீர் வேகத்தைக் குறைத்தார்கள். தூறல் நின்ற பிறகுதான் கணவர் காய்ந்த கையுறையோடு ஒரு மரப்பலகை மேல் ஏறி நின்றார். நான் இன்ஜினைக் கிளப்பினேன். என்ன ஒரு முழக்கம்! நீல வெளிச்சம் தெறித்தது. சட்டம் நேரானது. ஆட்கள் மதகின் மேலிருந்த திருகு சக்கரத்தைத் திருகத் திருக, பலகை கிறீச்சிட்டுக்கொண்டு இறங்கியது. மதகில் பாய்ந்த தண்ணீர் இளைத்து, நூலாகி, நின்றேவிட்டது.

கரையே ஆர்ப்பரித்தது. கத்திய பெரியவர்தான் முதலில் ஓடிவந்து என் கணவரைக் கட்டிப்பிடித்தார். ஒரு அம்மா அவித்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, என் மடியில் கொட்டினார். எல்லோரும் எங்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

அந்த ஏரியைக் காப்பாற்றியது நாங்கள்தான் என்று இன்றும் அந்த ஊரில் சொல்கிறார்கள். முகம்கூடச் சரியாகத் தெரியாத ஒருவர், தன் வேலையை விட்டுவிட்டு எங்கள் பின்னால் துரத்தி வந்ததால்தான் அது நடந்தது என்பதை, கேட்கிறவர்களுக்கெல்லாம் நானும் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.