மலையில்லாத ஆறு

புவியியல் பாடத்தில் ஆறு என்றால் கரும்பலகையின் இடது மூலையில் முதலில் மலை வரைவேன். அங்கிருந்து ஒரு கோடு செங்குத்தாக விழும், நடுவில் சரிவு குறையும், வலது மூலையில் சமவெளியில் வளைந்து நெளிந்து கடலில் சேரும். மகாவலியைத்தான் உதாரணம் காட்டுவேன்.

ஒருநாள் உயர்தர வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, “சேர், எங்கடை ஊரிலை ஓடுறது என்ன?” என்று கேட்டாள். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் கொழும்பில் கடையை இழந்து ஊர் திரும்பிய ஒருவரின் மகள் அவள். வகுப்பே சிரித்தது. நான் வழுக்கையாற்றைப் படிப்பித்தேன். அதற்கு மலை கிடையாது. வடக்கே தெல்லிப்பளைப் பக்கத்து மேட்டில் பெய்யும் மழை குளம் குளமாக நிரம்பி வழிந்து, தாழ்ந்த வயல்களால் இறங்கி, அராலியில் கடல்நீரேரியைச் சேரும். மேட்டுக்கும் கடலுக்கும் இடையிலான உயர வித்தியாசம் ஒரு தென்னை மரமளவுகூட இராது. மாரி முடிந்தால் ஆறும் முடிந்துவிடும். கோடையில் ஆற்றுக்குள் ஆடு கட்டி மேய்ப்பார்கள்.

அந்தப் பிள்ளைக்குச் சில வருடங்களில் கலியாணம் பேசினார்கள். சீதனமாக வீடு கட்டிக் கொடுக்கத் தகப்பன் காணி தேடினார். அப்போது எங்கள் ஊரில் இரண்டு காணிகள் விலைக்கு வந்தன. ஒன்று மேட்டில், செம்பாட்டு மண். மற்றது ஆற்றோரம். இளவயதிலேயே கொழும்புக்குப் போய்விட்டவர் என்பதால் அவருக்கு ஊர்த் தண்ணீர் தெரியாது. என்னிடம் வந்தார்.

“மாஸ்டர், நீங்கள் படிச்சனீங்கள். எதை எடுக்க?”

மேட்டுக் காணியை என் மகளுக்கென்று நான் மனதில் வைத்திருந்தேன். அதை அவருக்குச் சொல்லவில்லை. இருவரும் சைக்கிளில் ஆற்றோரக் காணிக்குப் போனோம். கிணற்றில் அள்ளி அவருக்குக் குடிக்கக் கொடுத்தேன்.

“சோக்கான தண்ணி, அண்ணை. மேட்டிலை இப்பிடி வராது” என்றேன்.

அது உண்மைதான். பொய் சொல்லாமலே ஏமாற்றலாம் என்று அன்றுதான் கண்டேன்.

“ஆறு கிட்டவெல்லே?” என்று கேட்டார்.

“ஆறோ? மலையில்லாத ஊரிலை என்ன ஆறு, அண்ணை! உதிலை ஆடு படுத்துக் கிடக்குது.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். நாங்கள் நின்ற இடம் ஆற்றின் வெள்ளச் சமவெளி என்பது எனக்குத் தெரியும். ஊரில் யாரோ அவரைத் தடுத்தும் இருக்கிறார்கள். ‘மாஸ்டர் பார்த்துச் சொன்ன காணி’ என்று அவர்களின் வாயை அடைத்துவிட்டாராம்.

அவர் பள்ளத்தில் கட்டினார், நான் மேட்டில் கட்டினேன். அடுத்த இரண்டு மாரியும் பொய்த்துப்போக, நான் செய்தது பிழையில்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பிறகு ஒரு கார்த்திகையில் மழை விடாமல் பெய்தது. மேற்குளங்கள் உடைத்துக்கொண்டன. ஒருநாள் மத்தியானம் ஆற்றோரத்து வீட்டுக்குள் ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணீர் ஏறி, குசினிப் பக்கச் சுவர் விழுந்தது. தகப்பனும் மகளும் அவளுடைய கைக்குழந்தையும் மேட்டில் நாங்கள் இருந்த என் மகளின் வீட்டுக்கு ஓடிவந்தார்கள். அவருடைய மருமகன் வேலையாக வன்னிக்குப் போயிருந்தான்.

என் மனைவி குழந்தையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் உலர்ந்த சேலையொன்றைக் கொண்டுபோய் என் மாணவியிடம் கொடுத்தபோது, அவள் தகப்பனுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

“வெள்ளச் சமவெளியிலை வீடு கட்டக் கூடாதெண்டு நீங்கள்தானே சேர் படிப்பிச்சனீங்கள். நான் அப்பாவோடை சண்டை பிடிச்சனான். ‘உன்ரை சேருக்குத் தெரியாததோ’ எண்டு கேட்டவர்.”

நான் தேத்தண்ணிக் கோப்பையோடு விறாந்தைக்குப் போனேன். தகப்பன் நனைந்த சாரத்தைப் பிழிந்துகொண்டு நின்றார்.

“அண்ணை, உந்தக் காணி விஷயத்திலை நான்...” என்று தொடங்கினேன்.

“விடுங்கோ மாஸ்டர். மழைக்கு நீங்கள் என்ன செய்யிறது? இந்த நேரம் உள்ளுக்கு விட்டியளே, அது பெரிய காரியம்.”

அவள் கதவு நிலையில் வந்து நின்றாள். நான் சொல்லி முடிப்பதற்காகக் காத்திருந்தாள் என்று இப்போது நினைக்கிறேன். நான் அவளைப் பார்த்தேன், பிறகு அவரைப் பார்த்தேன்.

“தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ அண்ணை” என்றேன்.

அவள் உள்ளே போய், என் மனைவியிடமிருந்து குழந்தையை வாங்கித் தோளில் போட்டாள். நான் கொடுத்த சேலை மடிப்புக் குலையாமல் கதிரையில் கிடந்தது. மாமியார் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லி, ஈரச் சேலையோடு படியிறங்கி, ஒழுங்கையில் ஓடிய தண்ணீருக்குள் இறங்கினாள்.

“உவளுக்கு என்ன விசரோ? மழை விடட்டுமன் பிள்ளை!” என்று கத்தியபடி தகப்பன் பின்னால் ஓடினார். ஒழுங்கை முடக்கில் திரும்பி, என்னைப் பார்த்துக் கைகூப்பி, மகளுக்காக மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.