வரிசை இல்லாத தோட்டம்

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் கடைசிக் காம்பரா எங்களுடையது. வாசலைச் சுற்றி வெறும் சரளைக் கல். கல்யாணமான புதிதில் என் கணவர் ஓடையோரத்துச் சேம்பும் காட்டு வாழையும் கொண்டுவந்தார். வரிசையாக நடச் சொன்னேன்.

"நாள் பூரா தேயிலை வரிசையத்தானே பாக்குறோம் புள்ள? இங்கயாச்சும் காடு மாதிரி இருக்கட்டும்" என்றார்.

வருடக்கணக்கில் சருகும் சாணமும் சுமந்து கொட்டினோம். இலைகள் கூரையைத் தொட்டன, குருவிகள் வந்தன.

ஒருநாள், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு வந்தார். ஆசையாகச் சுற்றிப் பார்க்கிறார் என்று நினைத்துத் தேத்தண்ணி கொடுத்தேன். அவர் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினார்.

"நல்ல மண்ணா இருக்கே! தேயிலை வைக்கலாம். வெள்ளைக்காரத் தொரைகிட்ட சொல்றேன்."

"ஐயா, இது கல்லுத் தரைங்க. நாங்கதான் மண்ணாக்குனோம்" என்றார் என் கணவர்.

"தரை தோட்டத்தோடதுதானே?"

அடுத்த வாரம், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில், எங்கள் இருவருக்கும் எங்கள் வாசலிலேயே வேலை போட்டார்கள். என் கணவர் வாழையை வெட்டினார். நான் குழி தோண்டித் தேயிலைக் கன்று வைத்தேன். கோணலாக வைக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். முடித்து நிமிர்ந்தால், கயிறு பிடிக்காமலே வரிசை நேராக இருந்தது. இந்தக் கைக்கு இனி காடு வைக்க வராது என்று அப்போதே தெரிந்துவிட்டது.