வளைவில் நின்ற கார்

மாலை வகுப்பில் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர் ஸ்பேனர் அக்கா. வயது நாற்பத்திரண்டு. பகலெல்லாம் சொந்தப் பட்டறையில் கார்களோடு மல்லுக்கட்டிவிட்டு, ஆறு மணிக்கு என் பக்கத்து இருக்கையில் வந்து உட்காருவார். எவ்வளவு சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கிரீஸ் போகாது. தொழிற்பள்ளி ஒன்றில் இன்ஜின் பாடம் நடத்த அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். பள்ளி இறுதிச் சான்றிதழ் இருந்தால் போதும். தமிழ்த் தாள்தான் இரண்டு முறை காலை வாரியிருந்தது.

பாடத்தில் ஒரு குட்டிக் கவிதை:

வெள்ளைப் புகை விட்டுக் கிளம்பியது கார்
மேட்டில் மூச்சிரைத்தது
வளைவில்
நின்றது.

வாத்தியார் நோட்ஸ் சொன்னார். வெண்புகை தூய மனம், மேடு வாழ்க்கைத் தடை, நின்றது வெற்றி. அடிகள் குறுகுவது காரின் வேகம்.

அக்கா எழுந்துவிட்டார். "சார், வெள்ளையா புகை வந்தா ரேடியேட்டர் தண்ணி இன்ஜினுக்குள்ள போகுதுன்னு அர்த்தம். வண்டி சாகப் போகுது. வரி குறையறது வேகமில்ல சார், மூச்சு. ஜெயிச்சவன் எவனாவது வளைவுல நிப்பானா?"

வகுப்பே சிரித்தது. "நல்லா இருக்கும்மா. ஆனா பரீட்சையில நோட்ஸ எழுதுங்க" என்றார் வாத்தியார்.

பரீட்சையில் அதே கேள்வி வந்தது, பத்து மதிப்பெண்ணுக்கு. நான் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். அக்கா தான் கண்டதை எழுதினார். விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தோம். எனக்கு எட்டு, அவருக்கு இரண்டு. ஆனாலும் மொத்தம் முப்பத்தைந்து வாங்கி மயிரிழையில் பாஸ். நானாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு வேலையில் சேர்ந்திருப்பேன். அக்கா மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பம் கேட்டார்.

வாத்தியார் பதறிப்போனார். "ஒரு மார்க் குறைஞ்சாலும் ஃபெயில்மா! சும்மா கிடக்கற சங்க ஏன் ஊதிக் கெடுக்கறீங்க? வேலையும் போயிடும்."

"நாளைக்கு அங்க இன்ஜின் படிக்கற பிள்ளைங்ககிட்ட வெள்ளைப் புகைன்னா தூய மனசுன்னு சொல்லித் தரவா சார்?"

காரணம் என்ற கட்டத்தில், 'கவிதையில் இருந்த காரைத்தான் பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. முப்பத்து நான்கு. என் எட்டு மார்க்கை நினைத்தால் வெட்கமாக இருந்தது. பட்டறைக்கு ஓடினேன். அக்கா ஒரு காரின் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தார்.

"இப்ப என்னக்கா பண்ணுவீங்க?"

"திரும்ப எழுதுவேன்."

"இந்தத் தடவையாவது நோட்ஸ..."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "ஏன், வண்டி ஓட ஆரம்பிச்சிடுச்சா? இன்னும் வளைவுலதான நிக்குது?"