நாற்பதாவது சென்டிமீட்டர்

உணவுக்குழாயில் மூன்று இடுக்குகள் உண்டு. முன்பற்களிலிருந்து அளந்தால் பதினைந்தாவது சென்டிமீட்டரில் ஒன்று, இருபத்தைந்தை ஒட்டி ஒன்று, நாற்பதில் ஒன்று. கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையின் எண்டோஸ்கோபி அறையில் டெக்னீஷியனாக இருப்பதால் இவை எனக்குத் தினமும் கடக்கும் பஸ் நிறுத்தங்கள் மாதிரி. மூன்றாவது, இரைப்பை வாசலில் உள்ள தசை வளையம். விழுங்கியதும் அது தளர வேண்டும். எனக்குத் தளர்வதில்லை. சோறு நெஞ்சுக்குள்ளேயே நிற்கும். எழுந்து நின்று வெந்நீர் குடித்தால், அந்த எடையில் கொஞ்சம் வழிவிடும்.

சிகிச்சை உண்டு. கல்யாணம் முடியட்டும் என்று அம்மா தள்ளிப்போட்டிருந்தார்.

பல்லடத்துக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம். பெண்ணான என்னையும் அழைத்துவரச் சொல்லியிருந்தார்கள். எங்கள் சனத்தில், பிடிக்காத இடத்தில் கை நனைக்க மாட்டார்கள். சாப்பிட உட்கார்ந்துவிட்டால் சம்பந்தம் உறுதி. காரில் அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "அங்க வந்து எதையும் சொல்லிப்போடாதே கண்ணு."

பேசி முடித்துப் பந்தி போட்டார்கள். என்னிடம் திட்டம் இருந்தது: சின்னக் கவளம், கவளத்துக்கு இரண்டு மடக்குத் தண்ணீர், சீக்கிரமே ரசம். ஆனால் மாப்பிள்ளையின் அம்மா என் பக்கத்திலேயே நின்று அரிசிம்பருப்புச் சோற்றை நெய்விட்டு வைத்துக்கொண்டே இருந்தார். இலையைக் கையால் மறைத்தேன்.

"எங்க பண்ணைக் கோழியே இதுக்கு மேல திங்குமுங்க அம்மணி" என்றார். வரிசையே சிரித்தது.

ஏழாவது கவளம் நின்றுவிட்டது. அதன்மேல் எச்சில் சேர்ந்துகொண்டே வந்தது. பந்தியில் எல்லோரும் முடிக்குமுன் ஒருவர் எழுவது மற்றவர்களை அவமதிப்பது. எதிர் வரிசையிலிருந்து அம்மா, வேண்டாம் என்று தலையசைத்தார். எழுந்துவிட்டேன்.

கொல்லைக் குழாயடியில் துப்பிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் அம்மா பின்னாலேயே வந்தார். நோய் என்ன, எத்தனை வருடமாக, என்ன ஆபரேஷன் என்று வரிசையாகச் சொல்லிவிட்டேன். குறுக்கிடாமல் கேட்டார். வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார். சோறு மெல்ல இறங்கியது.

"இத நீங்க சொல்லவும் இல்லீங்க, நான் கேக்கவும் இல்லீங்க" என்றார். "கை நனைச்சாச்சு. எங்க சனம் பூரா உக்காந்திருக்குது. ஆப்பரேசன் எல்லாம் ஒரு கொழந்த பொறந்த பொறகு பாத்துக்கலாம் கண்ணு."

முன்னால் போய், பெண்ணுக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று பந்திக்குச் சொன்னார். அம்மாவின் முகம் தெளிந்தது. என் இலையில் புதிதாகச் சோறு வைத்திருந்தார்கள். யாரும் கை கழுவவில்லை. நான் உட்காரக் காத்திருந்தார்கள்.