அப்பாவுக்கு எதற்கு நாற்காலி?

போன வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. சிங்காநல்லூரில் காங்கேயம் பஸ் ஏறினேன். பக்கத்தில் பிரகாஷ். எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பையன் — நான் முன்பு எழுதிய, தண்ணி மோட்டார் ரிப்பேரான கதையில் ஒருமுறை தலைகாட்டினானே, அவனேதான்! பம்ப்செட் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். அவன் மனைவி சரண்யா பிரசவத்துக்காக சென்னிமலையில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனாள். பெண் குழந்தை பிறந்தது. இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

"வாங்கக்கா, பாப்பாவைப் பாத்துட்டு வருவோம்" என்று கூப்பிட்டான். வீட்டில் உட்கார்ந்து டி.வி. பார்ப்பதற்கு இது எவ்வளவோ மேல் என்று கிளம்பிவிட்டேன்.

சூலூரில் ஏறியது பாருங்கள் கூட்டம்... அதில் கைக்குழந்தையோடு ஒரு பெண். கம்பியைப் பிடிக்க ஒரு கை வேண்டுமே? நான் கையை நீட்டுவதற்குள், "இந்தாங்க, சித்த புடிங்க" என்று பிரகாஷின் மடியில் குழந்தையை வைத்துவிட்டாள். பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. நம் ஊர் பஸ்ஸில் இதெல்லாம் சகஜம்தானே? பை, தூக்குப்போசி, குழந்தை... உட்கார்ந்திருப்பவர் மடி பொதுச் சொத்து!

குழந்தை சிணுங்கியது. பிரகாஷ் முழங்காலை ஆட்டிக்கொண்டே வாயால் 'ர்ர்ர்' என்று எஞ்சின் ஓட்டினான். அப்புறம் கண்டக்டர் மாதிரி, ஆனால் ரகசியக் குரலில், "காரணம்பேட்டை... பல்லடம்... காங்கேயம்..." என்றான். அவ்வளவுதான், தூங்கிப்போச்சு. பல்லடத்தில் அந்தப் பெண் குழந்தையை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனாள். பிரகாஷ் அவள் கூட்டத்தில் மறையும் வரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்கக்கா, வழியில போறவங்க நம்பிப் புள்ளையைக் குடுக்கறாங்க. என்ற புள்ளையத்தான் எனக்குக் குடுக்க மாட்டேங்கறாங்க."

"யாருப்பா குடுக்க மாட்டேங்கறது? மாமனார் வீட்டுல ஏதாச்சும் சண்டையா?"

"ஐயோ, சண்டையெல்லாம் இல்லீங்க. மரியாதைங்க!"

வாராவாரம் போகிறானாம். "ஒறம்பரையாட்டம் சேர் போடறாங்க, சோறு போடறாங்க, சாயங்காலம் தாட்டி உட்டுடறாங்க. ரெண்டு நிமிசம் தூக்குனா, பாப்பா அழுகும். உடனே வாங்கிக்குவாங்க. நானும் பயந்துட்டு குடுத்துடறேன்" என்றான். தாட்டி விடுவது என்றால் வழியனுப்புவது; ஒறம்பரை என்றால் எங்கள் பக்கம் விருந்தாளி. பெற்ற மகளுக்கு அப்பன் விருந்தாளி!

"அடுத்த மாசம் ஊட்டுக்கு வந்துருமுங்க. அப்பறம் சரண்யா வேலைக்குப் போனா, காலைல நாந்தான் பாத்துக்கோணும். என்னையப் பாத்து, யாருடா இந்தாளுன்னு அழுதா நான் என்னங்க பண்ணுவேன்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் மடியில் குழந்தை இல்லாமலே, காங்கேயம் வரைக்கும் அவன் முழங்கால் ஆடிக்கொண்டே வந்தது.

பஸ் மாறி, சென்னிமலையில் இறங்கி, வீட்டுக்குள் நுழைந்தோமோ இல்லையோ — "வாங்க மாப்ளே! வாங்கக்கா!" குஷன் வைத்த நாற்காலி ஒன்று வந்தது. மாமனார் தன் தோள் துண்டாலேயே அதைத் தட்டிவிட்டார். டேபிள் ஃபேன் மாப்பிள்ளை பக்கம் திரும்பியது. நான் வேர்த்து விறுவிறுத்து நிற்கிறேன், என்னை யார் கவனித்தார்கள்?

ஆனால் குழந்தை மட்டும் என் கைக்கு உடனே வந்துவிட்டது! மூக்கு அப்படியே பிரகாஷ். அடி தங்கமே என்று கொஞ்சி முடிப்பதற்குள் எதிர்வீட்டுப் பெண் வந்தாள், அவள் கைக்குப் போனது. பிரகாஷும் கையை நீட்டினான்.

"இருங்க மாப்ளே, சட்டையை நனைச்சுப்போடுவா" என்றார் மாமியார்.

"பரவால்லீங்கத்தை."

"மொதல்ல சாப்புடுங்க, ஆறிப்போயிரும்."

சந்தகை, தேங்காய்ப்பால், நாட்டுக்கோழிக் குழம்பு... நான் ஒரு பிடி பிடித்தேன், பொய் சொல்வானேன்? பிரகாஷ் இலையையும் பார்க்கவில்லை, கோழியையும் பார்க்கவில்லை. தொட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான். கை கழுவிவிட்டு வந்தால், "இப்பத்தானுங்க கண்ணசந்தா. நீங்களும் சித்த படுங்க மாப்ளே." அந்த அம்மாளிடம் ஒரு குறை சொல்ல முடியாது. அத்தனையும் பாசம்.

கொஞ்ச நேரத்தில் தொட்டிலுக்குள் சத்தம். இந்த முறை பிரகாஷ் யாரையும் கேட்கவில்லை. நேராகப் போய்க் குழந்தையைத் தூக்கிவிட்டான்.

அழுதாள் பாருங்கள்! தெருக்கோடிக்குக் கேட்டிருக்கும். மாமியார் கை நீண்டது, மாமனார் கை நீண்டது... என் கையும்தான். பிரகாஷின் முகம் செத்துவிட்டது. பழக்க தோஷத்தில் குழந்தையை மாமியார் பக்கம் நீட்டினான்.

"ஏனுங்க, குடுக்காதீங்க!" — கட்டிலில் இருந்து சரண்யா. "அழுகட்டும். அவளும் உங்களைப் பழகோணுமல்ல?"

"ஏஞ்சாமி, புள்ள இந்த அழுகை அழுகுது. மாப்ளையை எதுக்கு இப்படி செரமப்படுத்தறே?"

"அவரு உங்களுக்குத்தாம்மா மாப்ளை. இவளுக்கு அப்பன்."

மாமியார் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். அழுகை மட்டும் நிற்கவில்லை.

பிரகாஷ் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தான். லேசாகக் குலுக்கினான். 'ர்ர்ர்...' பஸ் கிளம்பிவிட்டது! "சிங்காநல்லூர்... சூலூர்... காரணம்பேட்டை... பல்லடம்... காங்கேயம்... சென்னிமலை! எறங்கறவங்கெல்லாம் எறங்குங்க!" ஒருவரும் இறங்கவில்லை. பாப்பா இன்னும் சத்தமாக அழுதாள். பஸ் சென்னிமலையில் இருந்து திரும்பக் கிளம்பியது. அவன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது, குரல் கம்மிப்போனது. மாமியார் வாசற்படியில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். எனக்கே போய்ப் பிடுங்கிக்கொள்ளலாமா என்றிருந்தது. அவன் ஓட்டிக்கொண்டே இருந்தான்.

எந்த ஊரில் அடங்கினாள் என்று தெரியவில்லை. அழுகை விம்மலானது, விம்மல் விக்கலானது. பாப்பா தலையைத் தூக்கப் பார்த்து, ஆடி ஆடி, அப்பனின் வாயையே உற்றுப் பார்த்தாள். அப்புறம் அவன் சட்டையில் கொஞ்சம் பாலைக் கக்கிவிட்டு, அங்கேயே தூங்கிப்போனாள்.

மாமனாருக்குத்தான் பொறுக்கவில்லை. குஷன் நாற்காலியை வாசலுக்கே தூக்கி வந்துவிட்டார். "உக்காருங்க மாப்ளே..."

"உக்காந்தா முழிச்சுக்குவாளுங்க மாமா" என்று கிசுகிசுத்தான். பாவம், மனுஷர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு திகைத்து நின்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது.

திரும்பி வரும்போது யோசித்தேன். அம்மாவுக்கும் குழந்தைக்கும் வயிற்றுக்குள்ளேயே அறிமுகம் ஆகிவிடுகிறது. அப்பாவுக்கு அந்தக் குறுக்கு வழி உண்டா? அவன் காங்கேயத்தில் பஸ் மாறித்தான் வர வேண்டும்! குழந்தைக்கு மாமனார், மாப்பிள்ளை மரியாதையெல்லாம் என்ன தெரியும்? அழும்போது யார் தூக்கினார்கள், யார் கீழே வைக்கவில்லை — அதுதான் தெரியும். நாமோ, ஆண்பிள்ளைக்கு என்ன தெரியும் என்று வாங்கி வைத்துக்கொள்கிறோம். நாம் போட்ட நாற்காலியில் சௌகரியமாகச் சாய்ந்துகொண்ட அப்பாக்களும் உண்டு, இல்லை என்கிறீர்களா? பிள்ளை பெரியவனான பிறகு, "எதுவா இருந்தாலும் அம்மாகிட்டதான் சொல்றான்" என்று அவர்கள்தான் குறைப்பட்டுக்கொள்வார்கள்.

போன ஞாயிறு பிரகாஷ் தனியாகப் போய்விட்டு வந்தான். மாடிப்படி ஏறாமல் நேராக என்னிடம் வந்தான். தோளில் வெள்ளையாக ஒரு கறை. முகத்தைப் பார்க்கணுமே... லாட்டரி விழுந்த மாதிரி!

"இந்த வாரம் சேரே போடலீங்கக்கா! உள்ள போனதும் அத்தை, 'இந்தாங்க, சித்த புடிங்க'ன்னு பாப்பாவைக் கையில குடுத்துட்டுத் துணி அலசப் போயிட்டாங்க. அந்தப் பஸ்ஸுல குடுத்தாங்க பாருங்க, அதே மாதிரி!"

"சரி, சாப்பிட்டியாப்பா?"

"சாப்புட்டனுங்க. பாப்பா தூங்கற வரைக்கும் எறக்க முடியல. எல்லாம் ஆறி அவலாப் போச்சு" என்றான், அவ்வளவு பெருமையாக.

மாப்பிள்ளைக்குத்தான் சோறு சூடாக வரும். அப்பாவுக்கு ஆறித்தான் கிடைக்கும்!